பேர் சொல்ல மறுத்த யோகலிங்கம் அண்ணை

“உங்கட முழுப் பேரைச் சொல்லுங்கோ அண்ணை.”

யோகலிங்கம் அண்ணை சட்டைக் கையைச் சுருட்டி, ஊசிக்குக் கையை நீட்டிக்கொண்டு கட்டிலில் இருந்தார். என் கேள்வியைக் கேட்டதும் நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்பதைக் கண்டதும் அவர் சிரிப்பும் நின்றுபோனது.

“என்ன பிள்ளை, என்ர பேர் உனக்குத் தெரியாதோ?”

“தெரியும் அண்ணை. ஆனா நீங்கள் வாயாலை சொல்லவேணும். பேரையும் பிறந்த திகதியையும் சொன்னாப் பிறகுதான் ஊசி. இண்டையிலிருந்து புது முறை.”

அவர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். சட்டைக் கையை மெதுவாக இறக்கிவிட்டார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

“அப்ப எனக்கு ஊசி வேண்டாம்.”

சோளகக் காற்று யன்னல் சீலையைத் தூக்கித் தூக்கி அடித்துக்கொண்டிருந்தது. ஸ்பிரிட் தோய்த்த பஞ்சு என் விரல்களுக்கிடையில் காய்ந்துபோனது. வாட்டில் இருந்த எல்லாரும் எங்களையே பார்த்தார்கள்.

எனக்கு அவரைத் தெரியாமல் இருக்க வழியில்லை. நான் நாரந்தனையில் பிறந்தவள். யாழ்ப்பாணத்துக்குப் படிக்கப் போனதும், தாதிப் பயிற்சிக்குப் பெட்டியோடு புறப்பட்டதும் அவர் ஓட்டிய பஸ்ஸில்தான். ஓடி வருகிறவர்களைக் கண்ணாடியில் கண்டால் பஸ்ஸை நிறுத்தி வைத்திருப்பார். அந்த மனிதரிடம்தான் நான் அன்று பேர் கேட்டேன்.

சான்றிதழ் தேடிய கதை

எங்கள் ஆஸ்பத்திரி சின்னது. வெளிநாடுகளுக்குப் போன தீவு ஆட்கள் ஒன்றுசேர்ந்து கட்டி நடத்துவது. அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நான் அங்கே பொறுப்புத் தாதியாகச் சேர்ந்தேன். முன்பக்கத்தில் பூவரசமரம், பின்பக்கத்தில் வெட்டை, அதற்கப்பால் பரவைக்கடல். மத்தியானத்தில் சேற்று மணமும் டெட்டோல் மணமும் கலந்து வரும்.

ஒருமுறை வெளிநாட்டுச் சங்கத்துக்காரர் வந்து கூட்டம் வைத்தார்கள். சர்வதேசத் தரச் சான்றிதழ் ஒன்று எடுக்கவேணும் என்றார்கள். “அங்கை ஒரு சின்னக் கிளினிக்கிலையும் சுவரிலை கொழுவியிருக்கும்” என்றார் ஒருவர். எங்களுக்கு அது சுவரில் கொழுவுகிற விஷயமாகத்தான் பட்டது.

டொக்டர் சுகன்யாவுக்கு அப்படிப் படவில்லை. வவுனியாப் பக்கத்திலிருந்து வந்த இளம் டொக்டர் அவர். அவர்தான் எங்கள் வைத்தியப் பொறுப்பாளர். தர முகாமைத்துவம் என்பதை அவர் எங்களுக்கு ஒரே வசனத்தில் விளங்கப்படுத்தினார். “நல்ல ஆக்கள் வேலை செய்யிறதாலை மட்டும் ஒரு ஆஸ்பத்திரி நல்லா நடக்கக்கூடாது சிஸ்டர். அந்த நல்ல ஆள் லீவிலை நிண்டாலும் நல்லா நடக்கவேணும்.”

எனக்கு அந்த வசனம் கொஞ்சம் சுட்டது. அந்த நல்ல ஆள் நான்தான் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதல் சண்டை தண்ணீரில் வந்தது. ஒவ்வொரு நோயாளியைத் தொடுவதற்கு முன்னும் பின்னும், ஓடுகிற தண்ணீரில் கை கழுவவேண்டுமாம். எங்கள் கிணற்றுத் தண்ணீர் உவர். சவர்க்காரம் போட்டால் நுரை வராது, கையெல்லாம் பிசுபிசுக்கும். நல்ல தண்ணீர் பவுசர் லொறியில்தான் வரும். அந்தத் தண்ணீரைக் கைகழுவ வார்ப்பதைக் கண்டு எங்கள் சமையல் அக்கா வாயிலடித்துக்கொண்டார். கடைசியில் கைக்குப் பூசுகிற கிருமிகொல்லித் திரவப் போத்தலை ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் கொழுவினோம். ஊத்தை தெரிந்தால் மட்டும் தண்ணீர் என்று தீர்மானித்தோம். சான்றிதழுக்கான விதிப் புத்தகமும் அதற்கு இடம் கொடுத்திருந்தது. புத்தகத்தை எதிர்த்துச் சண்டை பிடிக்கும்முன் அதை முழுக்க வாசிக்கவேணும் என்று அன்றைக்குத்தான் படித்தேன்.

இரண்டாவது சண்டை பேரில் வந்தது. எங்கள் தீவுகளில் ஒரே பேரில் எத்தனையோ பேர் இருப்பார்கள். நாங்கள் அவர்களை வீட்டடியாலும் வளவாலும் பிரித்து வைத்திருப்போம். ஆலடி நாகம்மா, சங்கக்கடை நாகம்மா என்று. வாட்டிலும் அப்படித்தான் கூப்பிட்டோம். டொக்டர் சுகன்யா முன்பு வேலை செய்த ஓரிடத்தில் ஒரே பேருள்ள இரண்டு பேருக்கு மருந்து மாறிப்போயிருக்கிறது. ஒருவர் பிழைக்கவில்லை. அதைச் சொல்லும்போது அவர் எங்களைப் பார்க்கவில்லை, மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குமேல் ஒருவரும் வாதாடவில்லை.

நோயாளி தன் பேரையும் பிறந்த திகதியையும் தானே சொல்லவேண்டும். கையில் கட்டியிருக்கும் பட்டியோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். அதன் பிறகுதான் மருந்து. அந்த முறை தொடங்கிய முதல் நாள் காலையில், நான் முதலில் போன கட்டில் யோகலிங்கம் அண்ணையினுடையது.

இந்த இடத்தில் ஒன்று சொல்லவேண்டும். இதை எழுதலாமா என்று அண்ணையிடமும் அவருடைய மனைவி பவளம் அக்காவிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். “எழுது பிள்ளை, பேரை மட்டும் மாத்திப்போடு” என்றார் அண்ணை. மாற்றிவிட்டேன்.

“ஒராளுக்கு விட்டால்”

அவருக்குச் சலரோகம். காலில் முள் குத்தியது தெரியாமல் நடந்து திரிந்திருக்கிறார். புண் உள்ளுக்குள் போய் இரண்டு விரல்கள் கறுத்துவிட்டன. இன்சுலினும் கிருமிக்கான ஊசியும் தவறாமல் போகவேண்டும். புண் மேலே ஏறினால் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பி, காலை எடுக்கவேண்டி வரலாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

அப்படிப்பட்டவர் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். கைப்பட்டியைப் பார்த்தாவது போடலாமே என்று திரும்பிப் போனேன். அதையும் இழுத்து அறுத்துத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தார்.

பவளம் அக்கா காலைச் சாப்பாட்டோடு வந்தார். மெலிந்த, வேகமாக நடக்கிற பெண். விஷயத்தைக் கேட்டதும், “உதுக்கென்ன, நான் சொல்லுறன். கந்தை...” என்று தொடங்கினார்.

“பேசாமல் இரும்!” என்று அண்ணை போட்ட சத்தத்தில் அடுத்த கட்டில்காரர் எழும்பி உட்கார்ந்தார். “என்ர பேரை ஒருத்தரும் சொல்லத் தேவையில்லை.”

பவளம் அக்கா என்னை வராந்தாவுக்கு அழைத்துக்கொண்டு போனார். “பிள்ளை, நீ கேளாமல் போட்டுவிடு. உனக்கு அவரைத் தெரியாதோ? ஆருக்குத் தெரியப்போகுது?”

கேளாமல் ஊசியோடு போய் நின்றால் அண்ணை கையை நீட்டுவார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. டொக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் கட்டிலடிக்கு வந்து எவ்வளவோ பணிவாகக் கதைத்துப் பார்த்தார். அண்ணை கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார்.

“ஒராளுக்கு விட்டால் எல்லாருக்கும் விடவேணும் சிஸ்டர்,” என்றார் டொக்டர், அறைக்குத் திரும்பியதும். “உங்களுக்கு அவரைத் தெரியும். நாளைக்கு இந்த இடத்திலை நிக்கிற பிள்ளைக்குத் தெரியாது. அந்தப் பிள்ளையும், ‘பெரிய மிஸ்ஸி கேக்கேல்லையே’ எண்டு கேளாமல் போடுவா.”

“அப்ப அவற்ற கால்?”

டொக்டர் கதிரையில் இருந்து நெற்றியைத் தேய்த்தார். “மத்தியானம் வரைக்கும் பாப்பம். அதுக்குமேலை ஏலாது. அப்ப நீங்கள் கேளாமலே போடுங்கோ. முறையை மீறினது நான்தான் எண்டு நானே எழுதி வைக்கிறன்.”

மத்தியானம் அவருக்குக் காய்ச்சல் காய்ந்தது.

நீ ஆர்?

பவளம் அக்கா சமைக்க வீட்டுக்குப் போயிருந்தார். வாட்டில் பலர் நித்திரை. நான் ஊசித் தட்டை மேசையில் வைத்துவிட்டு, கதிரையை இழுத்து அவர் பக்கத்தில் இருந்தேன். நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். சுட்டது.

“ஏன் அண்ணை இப்பிடிச் செய்யிறியள்?”

அவர் சுவரைப் பார்த்தபடியே கேட்டார். “பேர் கேக்கிறாய். நீ ஆர்?”

காய்ச்சலில் அறிவு மாறிவிட்டதோ என்று பயந்தேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். கண் தெளிவாக இருந்தது. “நீ ஆர் எண்டு முதல் நீ சொல்லு. உன்ர பேரென்ன, அப்பா ஆர், எந்த ஊர், உந்தக் குழாயிலை என்ன இருக்கு. எல்லாத்தையும் நீ சொல்லு. பிறகு என்னைக் கேள்.”

நான் எழும்பி நின்றேன். ஏன் எழும்பினேன் என்று தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிட்டால் எழும்புவோமே, அந்த மாதிரி.

“என்ர பேர் புவனேஸ்வரி. அப்பா செல்லத்துரை. ஊர் நாரந்தனை. நான் இஞ்சை பொறுப்புத் தாதி. இந்தக் குழாயிலை இருக்கிறது இன்சுலின். மற்றது புண்ணிலை இருக்கிற கிருமிக்கு. போடேக்கை கொஞ்சம் எரியும்.”

அவர் என்னைப் பார்த்தபடியே சொன்னார்.

“கந்தையா யோகலிங்கம்.”

பிறந்த திகதியையும் சொன்னார். தலையணைக்கு அடியிலிருந்து பட்டியை எடுத்துத் தந்தார். ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு இரண்டு ஊசிகளையும் போட்டேன். பஞ்சை அமத்திப் பிடித்தபடி அவர் சொன்னார்: “அண்டைக்குக் கேட்டவங்கள் ஒருத்தனும் தன்ர பேரைச் சொல்லேல்லை.”

என்றைக்கு என்று நான் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் அதைக் கேட்கவேண்டிய தேவை இல்லை. அவராகவே சொன்னார்.

சண்டைக் காலம். ஓர் ஆமிச் சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கிப் பேர் கேட்டிருக்கிறார்கள். இவர் யோகலிங்கம் என்றதும் தனியாக நிறுத்திவிட்டார்கள். யோகலிங்கம் என்று ஒருவரைத் தேடிக்கொண்டிருந்தார்களாம். கையில் ஓர் இலக்கத்தைக் கட்டினார்கள். மாதக்கணக்கில் வைத்திருந்தார்கள். பேரைச் சொல் என்பார்கள், சொன்னால் அடிப்பார்கள். கடைசியில் வயதான அதிகாரி ஒருவர் வந்து தகப்பன் பேர் என்ன என்று கேட்டார். அதுவரை அதை ஒருவரும் கேட்கவில்லை. கந்தையா என்றார் இவர். அவர்கள் தேடியவருடைய தகப்பன் பேர் செல்லையா.

“அப்பதான் அவைக்கு விளங்கினது, ஆள் மாறிப்போச்செண்டு. பிறகு கேட்டினம், மற்றவனைத் தெரியுமோ எண்டு.” அண்ணையின் குரல் அமுங்கிப்போனது. “எனக்குத் தெரியும் பிள்ளை. என்ர பஸ்ஸிலை வாற ஆள்தான். எந்த ஊர் எண்டு கேட்டினம். புங்குடுதீவு எண்டு சொல்லிப்போட்டன். அடுத்த நாள் என்னை விட்டிட்டாங்கள்.”

“பிறகு அவருக்கு என்ன நடந்தது?”

“தெரியாது. நான் ஆரையும் விசாரிக்கேல்லை. விசாரிக்கப் பயம். அதுக்குப் பிறகு நான் புங்குடுதீவு றோட்டிலை பஸ் ஓடேல்லை. பவளத்துக்கு ஒண்டும் தெரியாது. நீயும் சொல்லாதை.”

சொல்லமாட்டேன் என்றேன். நோயாளி தாதியிடம் சொல்வது வாட்டை விட்டு வெளியே போகக்கூடாது என்று புத்தகத்திலும் ஒரு பக்கம் இருந்தது. புத்தகம் இல்லாவிட்டாலும் நான் சொல்லியிருக்கமாட்டேன். ஆனால் அது எவ்வளவு பாரம் என்பது, அடுத்த நாள் காலையில் பவளம் அக்கா இடியப்பப் பார்சலோடு சிரித்துக்கொண்டு வந்தபோதுதான் விளங்கியது.

கணக்காய்வு நாள்

டொக்டரிடம் அந்தக் கதை எதையும் சொல்லவில்லை. ஒன்றை மட்டும் சொன்னேன். “நோயாளியின்ர பேரைக் கேக்க முதல், நாங்கள் எங்கட பேரைச் சொல்லுவம் டொக்டர். என்ன மருந்து எண்டும் சொல்லுவம்.”

“நல்லாயிருக்கு,” என்றார். “நானும் சொல்லுறன்.”

அடுத்த கிழமை எங்கள் வாட்டில் நடந்தது பெரிய கூத்து. இளம் தாதி ரஜிதாவுக்குத் தன் பேரைச் சொல்ல வெட்கம், சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். கிழவிகளுக்கோ பெரிய புளுகம், அப்படியொரு சந்தோஷம். “ஆர், மண்டைதீவு அன்ரனியின்ர மோளோ? உன்ர கொம்மா சுகமோ?” என்று தொடங்கினால் ஊசி போட விடமாட்டார்கள். காலை மருந்து மத்தியானம் வரை இழுபட்டது. ஆனால் பேர் கேட்டதற்கு அதன் பிறகு ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. தங்கள் பிறந்த திகதி அடையாள அட்டையில் பிழை என்று மூன்று நான்கு பேர் அப்போதுதான் வாய்திறந்து சொன்னார்கள்.

சான்றிதழ் தரலாமா என்று பார்க்கத் தரக் கணக்காய்வாளர் கொழும்பிலிருந்து வந்தார். சிங்களவர். ஆறுதலாகத் தமிழ் கதைப்பார். குசினியிலிருந்து மருந்து அலுமாரி வரைக்கும் பார்த்துவிட்டு வாட்டுக்கு வந்து, யோகலிங்கம் அண்ணையின் கட்டிலடியில் நின்றார்.

“ஐயா, உங்க பேர் என்ன?”

டொக்டர் என்னைப் பார்த்தார்.

அண்ணை தலையணையில் சாய்ந்தபடியே கேட்டார். “உங்கட பேர் என்ன?”

கணக்காய்வாளர் குனிந்து தன் பேரைச் சொன்னார். தன் ஊர் காலிப் பக்கம் என்றும், தகப்பன் றெயில்வேயில் இருந்தவர் என்றும் கேட்காமலே சொன்னார்.

“கந்தையா யோகலிங்கம்,” என்றார் அண்ணை. “நான் பஸ் ஓடினனான்.” இருவரும் கை கொடுத்துக்கொண்டார்கள்.

கடைசிக் கூட்டத்தில் கணக்காய்வாளர் எங்கள் குறைகளை வாசித்தார். அதில் ஒன்று இது: தாதிமார் முதலில் தங்கள் பேரைச் சொல்கிறார்கள், ஆனால் நடைமுறைக் கையேட்டில் அப்படி எழுதப்படவில்லை. எழுதியது ஒன்று, செய்வது வேறொன்று என்றால் அது குறைதான். ரஜிதாவின் முகம் வாடிவிட்டது.

“செய்யிறதை நிப்பாட்ட வேண்டாம்,” என்றார் அவர். “கையேட்டை மாத்துங்க.”

மாற்றினோம். பிறகு சான்றிதழும் வந்தது. சுவரில் கொழுவியிருக்கிறது.

கட்டுப் போடப் பழக்கிய காலை

கறுத்த விரல்கள் இரண்டையும் எடுக்கவேண்டி வந்தது. அதற்காக யாழ்ப்பாணம் போய் வந்தார். பாதம் தப்பியது. புண் சிவந்து, உயிர்ச்சதை வைத்து, சுருங்கத் தொடங்கியது. வீட்டுக்குப் போகிற காலையில் பவளம் அக்காவுக்குக் கட்டுப் போடப் பழக்கினேன். நான் சொல்லச் சொல்ல அவர்தான் செய்யவேண்டும், நான் தொடக்கூடாது. அதுவும் முறைதான்.

பவளம் அக்கா தன் மடியில் துணி விரித்து, அவருடைய காலைத் தூக்கி வைத்தார். பழைய கட்டை அவிழ்த்தார். உப்புத் தண்ணீரில் பஞ்சை நனைத்துப் புண்ணின் ஓரத்தைத் துடைக்கத் தொடங்கினார்.

“பவளம்,” என்றார் அண்ணை, முகட்டைப் பார்த்தபடி. “என்னை விட்டது ஏனெண்டு உமக்குத் தெரியுமோ?”

நான் போக எழும்பினேன். “இரு பிள்ளை,” என்றார்.

சொன்னார். என்னிடம் சொன்னதைவிடச் சுருக்கமாக. தகப்பன் பேரைக் கேட்டது, மற்ற யோகலிங்கத்தைக் கேட்டது, ஊரைச் சொன்னது. “நான் காட்டிக்குடுத்துப்போட்டன்,” என்று முடித்தார். பவளம் அக்காவின் கை நிற்கவில்லை. பஞ்சை மாற்றி மாற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“செல்லையாவின்ர யோகலிங்கமோ?”

“ஓம்.”

“அந்தாள் அதுக்கு முந்தியே வள்ளத்திலை இந்தியாவுக்குப் போட்டுதே.”

அண்ணை தலையைத் தூக்கினார். “ஆர் சொன்னது?”

“தாய் மனுசிதான். நீங்கள் உள்ளுக்கை இருக்கேக்கை நான் அவையின்ர வீட்டை போனனான். ‘உங்கட மகனெண்டு நினைச்சு என்ர மனுசனை வைச்சிருக்கிறாங்கள், வந்து சொல்லுங்கோ’ எண்டு அழுதனான். அந்த மனுசி என்னைக் கட்டிப்பிடிச்சு, ‘என்ர பிள்ளை ராமேஸ்வரத்துக்குப் போய்ச் சேந்திட்டான், நான் போய்ச் சொன்னாலும் ஆர் நம்புவினம்’ எண்டு தானும் அழுதவ.”

“இப்ப? இப்ப அந்தாள்?”

“லண்டனிலை. போன நயினாதீவுத் திருவிழாவுக்கு வந்தவர். வள்ளத்திலை எனக்கு முன்னாலைதான் இருந்தவர். நல்லா வயிறு வைச்சிட்டுது. பேரப்பிள்ளையோடை சேந்து ஐஸ்பழம் சூப்பிக்கொண்டிருந்தவர்.”

அண்ணையின் வாய் திறந்தபடி இருந்தது. “ஏன் நீர் எனக்குச் சொல்லேல்லை?”

பவளம் அக்கா முதல் தடவையாகக் கையை நிறுத்தினார். “எப்ப சொல்லுறது? அந்த நாளைப் பற்றிக் கதை எடுத்தாலே நீங்கள் எழும்பிப் போடுவியள். புங்குடுதீவு எண்ட சொல்லே வீட்டிலை சொல்ல ஏலாது. அடிச்சதை நினைச்சுத்தான் எழும்பிப் போறியள் எண்டு நான் நினைச்சன்.”

அண்ணை இரண்டு கைகளாலும் முகத்தை மூடினார். தோள்கள் குலுங்கின. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. விரல்களுக்கிடையிலிருந்து கேட்டார்.

“ஐஸ்பழமோ?”

“ஓம். வேட்டியெல்லாம் வடிய விட்டுக்கொண்டு.”

பவளம் அக்கா புதுக் கட்டை எடுத்தார். எப்படிச் சுற்றுவதென்று நான் இன்னும் காட்டிக்கொடுக்கவில்லை. அவர் தன்பாட்டில் சுற்றத் தொடங்கினார். கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது. நான் திருத்தவில்லை.

மறைப்புச் சீலையை இழுத்துவிட்டு வெளியே வந்தேன். அந்தக் கட்டிலுக்கு வரவேண்டிய அடுத்த நோயாளி, பெட்டியோடு வராந்தா வாங்கிலில் காத்திருந்தார்.

“என்ர பேர் புவனேஸ்வரி,” என்றேன் அவரிடம். “கட்டில் ஆயத்தமாகக் கொஞ்சம் சுணங்கும். இருங்கோ, தேத்தண்ணி கொண்டுவரச் சொல்லுறன்.”